மறு

திங்கட்கிழமை கோப்பு திரும்பி வந்தபோது
ரிவ்யூ என்றிருந்தது.
புதன் அன்று ரீசெக்.
வெள்ளி மாலை, கேப் பிடிக்க எல்லாரும்
லிஃப்டுக்கு ஓடும் நேரத்தில்
ரீலுக்.
அப்படியொரு சொல் என் கல்லூரி அகராதியில் இல்லை.
மாரத்தஹள்ளியில் இருக்கிறது.

ஹெக்டே சாருக்கு ஒவ்வொன்றும் வேறு வேறு.
ரீசெக் என்றால் கூட்டல் கழித்தல்.
ரீஅசெஸ் என்றால் தொகையைக் குறைக்க வழியுண்டா.
ரீகன்சிடர் என்று வந்தால்
மேலே யாரிடமோ யாரோ பேசிவிட்டார்கள்.
ரீஎக்ஸாமின் இதுவரை இரண்டே முறை.
இரண்டு முறையும் வக்கீல் நோட்டீஸ்.

எனக்கு எல்லாமே ஒரு பார்.
தொட்டுப் பார், மோந்து பார், கேட்டுப் பார்,
தட்டிப் பார்த்துத் தேங்காய் வாங்கு.
எந்த வினைக்கும் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும்,
கண்ணே தேவையில்லாத பார்.
அவர்களுக்கு அது முன்னால் வருகிறது, ஒரு ரீ,
வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே
இருமிக் காட்டுகிறவரைப் போல.

சித்தராஜு. தண்ணீர் லாரி ஓட்டுநர். முப்பத்தெட்டு.
பாலிசிப் படிவத்தில், அங்க அடையாளம்:
வலது கன்னத்தில் மறு.
பிரேதப் பரிசோதனையில்:
இடது கன்னத்தில் மறு.
ஆள் வேறாக இருக்கலாம், எனவே மறு.
கடைசி மறு நான் போட்டது.
திரும்பவும் என்பதற்கும்
முடியாது என்பதற்கும்
தோலில் சும்மா கிடக்கும் கறுப்புப் புள்ளிக்கும்
ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
இத்தனை காலம் எப்படிக் குடும்பம் நடத்தினோமோ.

அடுத்த திங்கள், ரீவிசிட்.
கோப்பைத் திற என்றுதான் பொருள், தெரியும்.
ஆனால் விசிட் என்றால்
போவதுதானே?
அரை நாள் விடுப்பு எழுதிவிட்டுப் பாலத்தடியில் பஸ் ஏறினேன்.
பெண்களுக்குக் காசில்லாத சீட்டு.
கண்டக்டர் ஆதாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மறுபடி ஆதாரைப் பார்த்தார்.
அவருக்கு எந்த வினைச்சொல்லும் யாரும் அனுப்பவில்லை.

வர்த்தூர் ஏரி நுரைத்துக்கொண்டிருந்தது.
ஏரி தாண்டி இரண்டாவது சந்து, ஷீட் கூரை.
கெம்பம்மா கதவைப் பாதி திறந்து
மத்தே பந்த்ரா, என்றாள்.
திரும்பவும் வந்தீர்களா, அவ்வளவுதான்.
என் காதில் மத்து என்று விழுந்தது.
கடைந்த மோரை எத்தனை தரம் கடைவது,
எந்த வெண்ணெய்க்கு?

காகிதம் எதுவும் நான் கேட்கவில்லை.
அவளாகவே சுவரிலிருந்த படத்தருகே போய்
பிளாஸ்டிக் மாலையை ஒதுக்கினாள்.
இருந்தது. கடுகை விடப் பெரிது.
வலது, என்றேன்.
அவள் என்னைப் பார்த்த பார்வையில் சத்தியமாக ரீ இல்லை.
உங்களுக்கு வலது, என்றாள். அவருக்கு இடது.
ஏஜெண்ட் பையனும் அன்று இப்படித்தான்
எதிரில் உட்கார்ந்து எழுதினான்.
டீ வைத்தேன். ஆறிப்போயிற்று.

நாலு வரியில் குறிப்பு எழுதிப் போட்டேன்.
ஹெக்டே சார் உடனே பதில் அனுப்பினார்:
நல்லது, ஒருமுறை நான் கோ ஓவர் பண்ணிவிடுகிறேன்.
புதுச் சொல்.
ஒரு வாரம் ஆகிறது.

ஏழு மணிக்கு மேல் மாடியே காலி.
என் கணினியில் நான் மூடிய பழைய கோப்புகள்
இருநூற்றுப் பதினொன்று.
எத்தனை பேரின் இடதை
என் வலதென்று எண்ணி மூடினேனோ.
எழுந்தேன். மேசையைச் சுற்றிப் போய்
எதிர்ப்பக்கம் நின்றேன்,
கொடுக்கச் சொல்லி வருகிறவர்கள் நிற்கும் பக்கம்.

அங்கிருந்து
திரையின் முதுகு தெரிந்தது, கொஞ்சம் தூசி,
சொத்து எண் ஒட்டிய ஒரு ஸ்டிக்கர்.
கடைசியாகச் சரிபார்த்த தேதி என்ற இடத்தில்
யாரோ பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தார்கள்.